பேரைக் கேட்டுக்கொண்டே இருந்த சிஸ்டர்

அப்பத்தாவுக்குச் சர்க்கரை நோய், காலில் புண். மேலூர் பக்கம் எங்கள் ஊரில் ஒரு மாதமாக ஆறாமல் கிடந்து, கடைசியில் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பதினோரு ராத்திரி நான்தான் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தேன்.

அப்பத்தா பேர் மீனாட்சி. மதுரையில் ஒரு வார்டில் நின்று மீனாட்சி என்று கூப்பிட்டால் எத்தனை தலை திரும்பும் என்று சொல்லவா வேண்டும்? எங்கள் வார்டில் மூன்று பேர், அதில் இரண்டு பேருக்கு இன்சுலின். மாத்திரையோ ஊசியோ ரத்தம் எடுப்பதோ, எதற்கு வந்தாலும் சிஸ்டர் முதலில் "பாட்டி, உங்க பேர் என்ன?" என்று கேட்பார், அப்புறம் கையில் கட்டிய பட்டையைத் திருப்பி ஐபி நம்பரை, அதாவது உள்நோயாளி எண்ணை, கேஸ் ஷீட்டோடு ஒத்துப் பார்ப்பார். "மீனாட்சிதானே?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. அப்படிக் கேட்டால் அரைத்தூக்கத்தில் இருப்பவர்கள் யார் பேருக்கும் தலையாட்டிவிடுவார்களாம். மூன்றாம் நாளே அப்பத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏத்தா, காலையிலதான சொன்னேன், அதுக்குள்ள மறந்துட்டியா?"

ஐந்தாம் நாள், ராத்திரி எழுந்து நடக்கும்போது விழுந்துவிடக் கூடாது என்று அப்பத்தாவைக் கழிப்பறைக்குப் பக்கத்துக் கட்டிலுக்கு மாற்றினார்கள். அதில் அதுவரை இருந்தது இன்னொரு மீனாட்சி. அன்று ராத்திரி அந்த அம்மாவின் ஊசி பழைய கட்டில் நம்பரோடு எங்களிடம் வந்தது. பேர் சரி, பட்டையில் நம்பர் வேறு. சிஸ்டர் டிரேயோடு திரும்பிப் போனார். அவ்வளவுதான். அந்த அம்மாவுக்கு அளவு இரண்டு மடங்கு என்று தெரிந்த பிறகு எனக்கு விடியும்வரை தூக்கம் வரவில்லை. நோயாளிப் பாதுகாப்புக்கு என்று உலக அளவில் பேசப்படும் ஆறு இலக்குகளில் முதலாவதே ஆளைச் சரியாக அடையாளம் காண்பதுதான், ஆறாவது விழாமல் காப்பது. இரண்டையும் ஒரே ராத்திரியில் ஒரே பெண் செய்ததைப் பார்த்தேன்.

டிஸ்சார்ஜுக்கு முதல் நாள் அதே சிஸ்டர், "வீட்டுல ஊசி எப்படிப் போடுறீங்க, செஞ்சு காட்டுங்க" என்றார். எங்கள் பையிலிருந்த சிரிஞ்சை எடுத்து 20 கோடு வரை இழுத்துக் காட்டினேன். அவர் சிரிஞ்சைத்தான் பார்த்தார். ஆரஞ்சு மூடி. அது மில்லிக்கு 100 யூனிட் இருக்கும் இன்சுலினுக்கானது. எங்களிடம் இருந்த குப்பி 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச்தான். 20 யூனிட் என்று நினைத்து நான் இத்தனை நாள் போட்டது வெறும் 8. புண் ஏன் ஆறவில்லை என்று ஊரெல்லாம் கேட்டேன், கையில் இருந்த மூடியின் நிறத்தைப் பார்க்கவில்லை. மாற்றிப் பிடித்திருந்தால், அதாவது 100 குப்பிக்குச் சிவப்பு மூடி என்றால், 20 என்று நினைத்து 50 யூனிட் போயிருக்கும். அளவை டாக்டர் மறுபடி பார்த்து எழுதிக் கொடுத்தார். ஆனால் 'செஞ்சு காட்டுங்க' என்று கேட்டது அந்தப் பெண் மட்டும்தான்.

அந்த வார்டில் முப்பது கட்டிலுக்கு மேல், ராத்திரி ஷிஃப்டில் இரண்டே பேர். 2002இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அறுவை சிகிச்சை நோயாளிகளை வைத்து நடந்த ஓர் ஆய்வில், ஒரு நர்ஸ் பார்க்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினால் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதாகக் கண்டார்கள். அதைப் படித்தபோது எனக்கு டிரேயோடு திரும்பிப் போன அந்த முதுகுதான் ஞாபகம் வந்தது. பட்டையைத் திருப்பிப் பார்க்க அரை நிமிஷம் வேண்டும். அந்த அரை நிமிஷம் இல்லாத அளவுக்கு ஒருத்தர் தலையில் வேலையைக் கட்டிவிட்டு, தப்பு நடந்தால் அவரையே பிடித்துக் கத்துகிறோமே, எனக்கு இதில் நியாயமே தெரியவில்லை.

புண் இப்போது முக்கால்வாசி ஆறிவிட்டது. தினமும் ஊசியை எடுக்கும்போது அப்பத்தா கையை நீட்டித் தடுக்கிறாள். "செவப்பு மூடிதானடா?"