எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள்?

பீடோங்குக்குக் குடிவருகிற தமிழர் யாராவது என்னிடம் யோசனை கேட்டால், கையில் பாதி படித்த புத்தகம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். வீடு, பள்ளிக்கூடம், நல்ல அரிசி எல்லாம் எப்படியாவது அமைந்துவிடும். எனக்கு மனிதர்கள் அமைந்தது அந்தப் பாதிப் புத்தகத்தால்தான்.

பீடோங், கெடா மாநிலத்தில் ஜெராய் மலைக்குத் தெற்கே இருக்கிற சின்னப் பட்டணம். சுங்கைப்பட்டாணியிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம்தான். கடைவீதி, கோயில், தமிழ்ப்பள்ளி, அவ்வளவையும் தாண்டினால் எந்தப் பக்கம் போனாலும் தோட்டம். ஒரு காலத்தில் முழுக்க ரப்பராக இருந்தது, இப்போது பெரும்பகுதி செம்பனை, நம் ஊரில் எண்ணெய்ப்பனை என்பது. என் கணவருக்கு இந்த வட்டாரத்தில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்ததால் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து சேர்ந்தோம். வழியனுப்பிய உறவுக்காரர்கள், “கோலாலம்பூர்னா பரவாயில்லை, தோட்டத்துப் பக்கம் போறீங்களே, பேச்சுத் துணைக்கு யாரு இருப்பா?” என்று கவலைப்பட்டார்கள். வந்த புதிதில் எனக்கும் பொழுது போகவில்லை என்பது உண்மை. மதியம் இரண்டு மணி வெயிலில் தாமான், அதாவது எங்கள் குடியிருப்பு, முழுக்கக் கதவு சாத்திக் கிடக்கும். பெரும்பாலும் மாலையில் ஒரு மழை. இவ்வளவுதான் நாள்.

கடைவீதியில் பூஜைச் சாமான் கடை ஒன்று உண்டு. கற்பூரம், ஊதுவத்தி, மாலை இவற்றோடு தமிழ்ப் பத்திரிகைகளும் அங்கே கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை ‘மலேசிய நண்பன்’, ‘மக்கள் ஓசை’ இரண்டையும் வாங்க வருகிற ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், என் கைப்பையிலிருந்து எட்டிப் பார்த்த புத்தகத்தைக் கவனித்துவிட்டார். “என்ன வாசிக்கிறீங்கம்மா?” என்றார். ஊரில் பழகிய வழக்கப்படி, போன வாரம் முடித்த ஒரு நாவலைப் பற்றி ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். “முடிச்சது வேணாம். இப்ப கையில இருக்கிறது என்ன? எந்தப் பக்கத்துல இருக்கீங்க?”

அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் கதையை அப்புறம்தான் சொன்னார். இங்கே பள்ளிகளில் நீலாம் என்று ஒரு வாசிப்புத் திட்டம் உண்டு. அவர் வேலையில் இருந்த காலத்தில், படித்த புத்தகத்தின் பெயர், ஆசிரியர், சுருக்கம் என்று பிள்ளைகள் ஒரு நோட்டில் பதிந்துகொண்டே வர வேண்டியிருந்தது. நல்ல திட்டம்தான். ஆனால் பிள்ளைகள் பிள்ளைகள் அல்லவா, பின்னட்டையைப் பார்த்துச் சுருக்கம் எழுதிவிடுவார்கள். பல வருடம் அந்த நோட்டுகளில் கையெழுத்துப் போட்டுப் போட்டு அவருக்கு முடித்த புத்தகத்தின் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. முடித்தவர் தீர்ப்புச் சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள், பேச்சு அதோடு சரி. நடுவில் இருப்பவருக்குத்தான் சந்தேகம் இருக்கும், அவரிடம்தான் பேச முடியும் என்பது அவர் கட்சி. எத்தனையோ இலக்கியக் கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விட்டவள் என்ற முறையில் நான் அவர் பக்கம்.

மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, கோயில் மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் அறையில் கூடுகிறோம். பசியாறிவிட்டும் வரலாம், பசியாறாமலும் வரலாம், எதிரிலுள்ள ஒட்டுக்கடையிலிருந்து ரொட்டி சானாய் வந்துவிடும். வாத்தியார் ஒரு நீளமான நோட்டில் பெயர், புத்தகம், பக்கம் மூன்றையும் எழுதிக்கொள்வார். பாராட்டுரை, நன்றியுரை, பொன்னாடை எதுவும் கிடையாது.

நான் முதலில் கொண்டுபோனது ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’. இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பினாங்கில் நடக்கிற கதை. அம்பாசமுத்திரத்தில் இருந்தபோது பினாங்கு எனக்கு வெறும் பெயர். இங்கே வந்த பிறகு அதையே பட்டர்வொர்த் படகில் உட்கார்ந்து, அக்கரையைப் பார்த்துக்கொண்டே படித்தேன். வட்டிக்கடை வரும் இடத்தில் இருக்கிறேன் என்றதும் அறை கலகலப்பாகிவிட்டது. வாத்தியாரின் அப்பா பினாங்கில் ஒரு செட்டியாரிடம் கடன் வாங்கிய கதை, கணக்குப்பிள்ளையின் கையெழுத்து, சம்பள நாளில் தோட்ட வாசலில் வந்து நின்ற கடன்காரர்கள் என்று ஒரு மணி நேரம் போனது. நாவலில் மேற்கொண்டு என்ன நடக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர்கள் என்னிடம் கேட்டது வேறு. தஞ்சாவூர் பக்கம் இன்ன ஊர் தெரியுமா, சேலத்துக்கும் திருச்சிக்கும் நடுவில் இப்படி ஒரு ஊர் இருக்கிறதா என்று. தாத்தா பாட்டி வாயிலிருந்து காதில் விழுந்த பெயர்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். 1938-இல் இந்திய அரசு தோட்டவேலைக்கு ஆள் அனுப்புவதைத் தடுத்த பிறகு அந்த வரத்தே நின்றுபோனது. பாதிப் பெயர்களை நான் கேள்விப்பட்டதே இல்லை. தெரிந்த ஊர்களைப் பற்றித் தெரிந்ததைச் சொன்னேன்.

செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிற அண்ணன் ஒருவர் வருகிறார். எங்களில் அதிகம் படிக்கிறவர் அவர்தான், அதற்குக் காரணம் செம்பனை. குலையை வெட்டினால் ஒரு நாளுக்குள் ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும், தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் கெட்டுவிடும். அதனால் காய்ப்பு அதிகமுள்ள மாதங்களில் ஆலை வாசலில் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். அந்த வரிசையில் அவர் சாண்டில்யனின் ‘கடல் புறா’ படிக்கிறார். மூன்று பாகம். “நம்ம மில்லுக்குப் பின்னாலதான் தங்கச்சி கப்பல் நிக்குது” என்பார். முழுக்க விளையாட்டு என்று சொல்லிவிட முடியாது. கடாரம் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் பூஜாங் பள்ளத்தாக்கு பக்கத்திலேயே, மெர்போக்கில் இருக்கிறது. 1025-இல் ராஜேந்திர சோழனின் கடற்படை வந்து தாக்கியதாகப் பாடப்புத்தகத்தில் படித்த இடம். ஒரு ஞாயிறு எல்லோரையும் தன் காடியில் அடைத்துக்கொண்டு அங்குள்ள அருங்காட்சியகத்துக்குப் போனார். புக்கிட் பத்து பகாட் கோயிலின் கல் அடித்தளத்தின் முன்னால் நின்று, நாவலில் வருவதும் அங்கே எழுதி வைத்திருப்பதும் எங்கெங்கே ஒத்துப்போகவில்லை என்று எங்களுக்கு வகுப்பெடுத்தார். நாவலை விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை.

கிளினிக்கில் வேலை செய்யும் தாதி ஒருவர் போனில் மட்டும்தான் படிப்பார். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களிலிருந்து குறுந்தொகையை இறக்கி, நாளுக்கு ஒரு பாட்டு. 401 பாட்டு, ஒரு வருடத்துக்கு மேல் ஓடும். அவரிடம் பக்கம் கேட்டால் பாட்டெண் சொல்வார். புத்தகக் கடை இல்லாத ஊருக்கு இது பெரிய வசதி. சென்னையிலிருந்து வரவழைத்தால் பல நேரம் தபால் செலவு புத்தக விலையைத் தாண்டிவிடுகிறது. நாங்கள் ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒரு பட்டியல் என் கைக்கு வந்துவிடும். புடவைக்கும் ஊறுகாய்க்கும் பெட்டியில் இடம் குறைகிறது என்று மாமியாருக்கு வருத்தம்.

இளம் ஆசிரியர் ஒருவருக்குத் தமிழ் நாவலில் பொறுமை கிடையாது. தொழிலாளர் வரலாறு பற்றிய ஆங்கிலப் புத்தகங்களாகப் படிப்பார். ஒரு நாள் பரபரப்பாக வந்து, “நம்ம பீடோங் பேரு இதுல இருக்கு சார்” என்று பக்கத்தைத் திறந்து காட்டினார். போருக்குப் பிறகு கள்ளுக்கடைகளுக்கு எதிராகத் தொண்டர் படை கிளம்பியதும், 1947-இல் இங்கே தோட்டத் தொழிலாளர்களுக்கும் போலீசுக்கும் மோதல் நடந்ததும் அதில் இருந்தது. பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்தில் உருவான படை அது. அறையில் இருந்த பெரியவர்களுக்கு விஷயம் தெரியும், அது புத்தகத்தில் ஏறியிருப்பதுதான் தெரியாது. “எங்கப்பா அதுல இருந்தாரு” என்று அதுவரை வாயே திறக்காத ஒருவர் சொன்னார். வாத்தியார் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

அப்புறம் ஆயா. எண்பது வயதைத் தாண்டியவர். சின்ன வயதிலிருந்து பால் மரம் வெட்டியவர். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகள் இடிந்த பிறகு மகனோடு தாமானில் இருக்கிறார். நான் சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’ படிக்க ஆரம்பித்தபோது கைகொடுத்தது ஆயாதான். கெடாக்காரரான முத்துசாமிக்கு 2017-இல் விஷ்ணுபுரம் விருது கிடைத்த செய்தியை ஊரிலேயே படித்திருந்தேன். ஆனால் நாவலுக்குள் போனால் பெரட்டு, நிரை, மங்கு, ஒட்டுப்பால் என்று எனக்குத் தெரியாத ஒரு தொழில் நடந்துகொண்டிருந்தது. ஆயா உட்கார்த்தி வைத்துச் சொன்னார். விடியுமுன்னே பெரட்டுக் களத்தில் பேர் கொடுப்பது, வெயில் ஏறினால் பால் சுரப்பது குறையும் என்பதால் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே வெட்டப் போவது, பட்டையை ஆழமாகக் கீறி மரத்தைக் காயப்படுத்தினால் கிடைக்கும் திட்டு, மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றித் தூக்கி வருவது. பட்டை நனைந்தால் வெட்ட முடியாது, வேலை இல்லாத நாளில் கூலியும் இல்லை. “மழ பேஞ்சா எங்களுக்கு ரெண்டும்தான். தூங்கலாம். வயித்தப் பத்திப் பயப்படணும்” என்றார். அந்த மழை நாட்களில்தான் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் லயத்து வாசலில் உட்கார்ந்து பத்திரிகைத் தொடர்கதையை உரக்க வாசிப்பாராம், மற்றவர்கள் கேட்பார்கள். ஆயா மு.வ. நாவல்களை முதலில் காதால்தான் படித்திருக்கிறார்.

அகிலன் மலேசியாவுக்கு வந்து போன பிறகு எழுதிய ‘பால்மரக் காட்டினிலே’ பற்றி எங்கள் அறையில் ஓயாத சண்டை ஒன்று உண்டு. விருந்தாளி பார்த்த தோட்டம் என்று லாரி அண்ணன் சொல்வார். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் எங்களைப் பற்றி நினைத்த ஒரு பெரிய எழுத்தாளரைக் காட்டு பார்க்கலாம் என்று வாத்தியார் கேட்பார். நானும் விருந்தாளி ரகம்தான், அதனால் இந்தச் சண்டையில் தேநீர் ஊற்றுவதோடு நிறுத்திக்கொள்கிறேன். ம. நவீனின் ‘பேய்ச்சி’ பேச்சும் அவ்வப்போது எழும். 1981-இல் பக்கத்து லுனாசில் சம்சு என்கிற மலிவுச் சாராயம் நஞ்சாகி, அதைக் குடித்துப் பலர் இறந்த துயரத்தைத் தொடுகிற நாவல். 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு தடை செய்துவிட்டதால் நோட்டில் அதற்கு வரி இல்லை.

ஆயாவின் வரி ஒன்று மட்டும் நகராமலே இருக்கிறது. சயாம் ரயில்பாதை பற்றி மலேசியாவில் தமிழ் நாவல்கள் சில வந்திருக்கின்றன, ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’, கோ. புண்ணியவானின் ‘கையறு’ என்று. அவற்றில் ஒன்றைப் பேத்தி வாங்கிக் கொடுத்தாள். தோட்டத்து ஆட்களைத் திரட்டிக்கொண்டு போகும் கட்டம் வந்ததும் ஆயா மூடி வைத்துவிட்டார். ஜப்பான்காரன் காலத்தில் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் பாதை போட இந்தத் தோட்டங்களிலிருந்து ஏற்றிப்போனவர்களில் ஆயாவின் அப்பாவும் ஒருவர். ஆயா அப்போது கைக்குழந்தை. 1943-இல் பாதை முடிந்தது, போர் முடிந்தது, போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள், அவர் வரவில்லை. அம்மா தன் நிரையோடு, அதாவது தனக்கு ஒதுக்கிய மரவரிசையோடு, இன்னொருவர் நிரையையும் சேர்த்து வெட்டி வளர்த்தாராம்.

ஒவ்வொரு கூட்டத்திலும் வாத்தியார் எல்லோரிடமும் கேட்பதுபோல அவரிடமும் பக்கம் கேட்பார். ஆயா அதே எண்ணைச் சொல்வார், இவரும் எழுதுவார். படித்து முடியுங்கள் என்று யாரும் சொன்னதில்லை. ஒருமுறை நான் வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். “வேணாம் தங்கச்சி. அது அங்கயே இருக்கட்டும். நீ அந்த பினாங்குக் கதையச் சொல்லு” என்றார். ‘கடலுக்கு அப்பால்’ முழுவதையும் ஆயாவுக்கு வாரம் கொஞ்சமாக வாசித்தேன். இடையிடையே நிறுத்தி, கதையில் வருகிறவர்களை நேரில் தெரிந்தவர் மாதிரி ஏசுவார். அந்த மதிய நேரங்களுக்குப் பிறகு இரண்டு மணி வெயிலைப் பற்றி நான் யாரிடமும் குறைப்பட்டதில்லை.

இந்த மாத நிலவரம்: தாதி குறுந்தொகையில் இருநூறைத் தாண்டிவிட்டார். வாத்தியார் பழைய சிறுகதைத் தொகுப்பு ஒன்றின் நடுவில் இருக்கிறார், கண் அறுவை முடிந்து வேகம் குறைவு. எனக்கு ‘கடல் புறா’ தொற்றிவிட்டது, முதல் பாகத்தில் இருக்கிறேன். லாரி அண்ணன் இரண்டாம் பாகத்தின் கடைசி அத்தியாயத்திலேயே இரண்டு கூட்டமாக நிற்கிறார். மூன்றாம் பாகம் இரவல் போய், கூலிம் என்ற ஊரில் ஒருவரிடம் மாட்டிக்கொண்டிருக்கிறது. அவர் போன் எடுப்பதில்லை. அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது இருந்தால் வாத்தியாரிடம் சொல்லவும், முகவரி அவரிடம் இருக்கிறது.