ஏழாவது நட்சத்திரத்தில்தான் நுனி கூர்மையாக வந்தது

நேற்று இரவு ஏழாவது துணி நட்சத்திரத்தைத் தைத்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினேன். ஐந்து நுனியும் ஊசிபோல நின்றன. முதல் ஆறும் நட்சத்திரம் என்று சொல்லும்படி இல்லை. கை கால் நீட்டிப் படுத்த தலையணை மாதிரி, நுனியெல்லாம் மழுங்கி உருண்டையாக இருந்தன. மூன்று வாரமாக இந்த நுனியோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அதனால் எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

திட்டம் இதுதான். பழைய விளக்குக் கூடை (விளக்கைச் சுற்றி மாட்டும் துணிக் கூடு) ஒன்றின் கம்பி வளையத்தில் பன்னிரண்டு துணி நட்சத்திரங்களை வெவ்வேறு உயரத்தில் கட்டி, பண்டிகைக்கு வாசல் பக்கம் தொங்கவிட வேண்டும். துணி எல்லாமே மீந்த துண்டு: தையல் கடையில் விழும் வெட்டுத் துணி, கிழிந்த பட்டுச் சேலையின் நல்ல பகுதிகள், இரண்டு பருத்திச் சட்டைகள். புதிதாக வாங்கியது நூலும் ஒட்டும் கேன்வாஸும் (இஸ்திரிச் சூட்டில் துணியோடு ஒட்டிக்கொள்ளும் விறைப்புத் துணி) மட்டும்.

முதல் மூன்று நட்சத்திரங்களை எல்லோரும் செய்வதுபோலத்தான் செய்தேன். அட்டையில் வரைந்து, இரண்டு துண்டு வெட்டி, நல்ல பக்கங்களை உள்ளே வைத்துச் சுற்றித் தைத்து, திருப்பி, பஞ்சு அடைத்தேன். நுனி வரவே இல்லை. குச்சியால் குத்தினால் ஒன்று தையல் பிரிந்தது, இல்லையென்றால் துணியே ஓட்டையானது. மூன்றாவதில் பட்டுத் துணி போட்டிருந்தேன். கத்தரிக்கோலின் முனையால் தள்ளியதில் சரிகைக் கரை கிழிந்துவிட்டது. அந்தக் கரை இனிமேல் கிடைக்காது. அன்று இரவு உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

அப்புறம்தான் ஒரு தாளை எடுத்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒழுங்கான ஐந்து முனை நட்சத்திரத்தின் நுனிக் கோணம் 36 டிகிரி. நான் தையலுக்கு விட்டது 6 மி.மீ. திருப்பிய பிறகு இரண்டு பக்கத்திலிருந்தும் அந்த 6 மி.மீ. துணி உள்ளே மடங்கி வருகிறது. அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் படுக்க 12 மி.மீ. அகலம் வேண்டும். 36 டிகிரிக் கோணத்தில் அந்த அகலம் கிடைப்பது நுனியிலிருந்து 18 மி.மீ. தள்ளி! அதாவது கடைசி 18 மி.மீ. முழுக்கத் துணி துணிமேல் ஏறி நெரிசலில் நிற்கிறது. நான் குச்சியால் குத்திக்கொண்டிருந்தது இடமே இல்லாத ஓர் இடத்தில். துணியைக் குறை சொல்லிப் பயனில்லை.

இது புரிந்ததும் இரண்டு மாற்றம் செய்தேன். முதலாவது, வடிவத்தையே கொஞ்சம் பருமனாக்கினேன். வெளிவட்ட ஆரம் 7 செ.மீ., உள்வட்ட ஆரம் 2.7 செ.மீ. என்று இருந்ததில் உள்வட்டத்தை 3.4 செ.மீ. ஆக்கினேன். நுனிக் கோணம் ஏறக்குறைய 50 டிகிரிக்கு வந்துவிடும். தொங்கவிட்டுத் தூரத்திலிருந்து பார்த்தால் நட்சத்திரமாகத்தான் தெரிகிறது. பஞ்சு அடைத்த பிறகு நட்சத்திரத்தின் கைகள் எப்படியும் ஒடுங்குவதால் பருமனான வரைபடம்தான் கடைசியில் அழகாகவும் இருக்கிறது. இரண்டாவது, நுனியில் தையலுக்கு விட்ட துணியைச் சீவிக் குறைத்தேன். நுனிக்கு நேர் குறுக்கே 2 மி.மீ. மட்டும் விட்டு வெட்டி, அங்கிருந்து இரண்டு பக்கமும் 2 செ.மீ. தூரத்துக்குச் சரிவாகச் சீவ வேண்டும். வெறும் நுனியை மட்டும் வெட்டினால் போதாது, அந்தச் சரிவுதான் முக்கியம்.

நான்காவதில் வேறு கோளாறு. ஒரு கை மட்டும் நீண்டு, நட்சத்திரம் முறுக்கிக்கொண்டு நின்றது. காரணம் இழை ஓடும் திசை. ஐந்து கைகளின் பத்து ஓரங்களும் பாவு நூலுக்கு (துணியின் நீளவாட்டில் ஓடும் நூல்) பத்து விதமான சாய்வில் ஓடுகின்றன. கிராஸாக, அதாவது பாவுக்கு மூலைவாட்டில் ஓடும் ஓரம் இழுத்தால் நீளும், மற்றது நீளாது. முன் துண்டையும் பின் துண்டையும் வேறு வேறு திசையில் வெட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். சின்னத் துணியில் இடத்தை மிச்சம் பிடிக்கத் துண்டைத் திருப்பித் திருப்பி வெட்டியதுதான் என் தப்பு.

இதற்கு நான் கண்ட வழி, வெட்டாமலேயே தைப்பது. 17 செ.மீ. சதுரமாக இரண்டு துணி, பாவு திசை ஒன்றாக இருக்கும்படி, நல்ல பக்கங்கள் உள்ளே. மேல் துணியின் பின்புறம் முன்னதாகவே மெல்லிய கேன்வாஸ் ஒட்டி, அதன்மேல் பென்சிலால் தையல் கோட்டை வரைந்துகொள்கிறேன். கோட்டின்மேலேயே தைத்து முடித்த பிறகுதான் கத்தரி. வெட்டாத ஓரம் நீளாது. ஐந்தாவதிலிருந்து எந்த நட்சத்திரமும் முறுக்கவில்லை. கேன்வாஸை நுனிகளில் மட்டும் தையல் கோட்டுக்கு 5 மி.மீ. உள்ளேயே நிறுத்திவிடுங்கள், அங்கே ஏற்கெனவே நெரிசல். உள்மூலைகளில் அது கோட்டைத் தாண்டி வெளியே வரட்டும், அங்கே பலம் தேவை. பட்டில் ஒட்டும்போது இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் வைத்து, நடுவில் ஒரு பருத்தித் துணியை விரித்து அழுத்துவது நல்லது. தேய்க்கக் கூடாது.

பதினேழு செ.மீ. சதுரம் எல்லாத் துண்டிலும் கிடைக்காது. கிடைக்காதபோது இரண்டு மூன்று பட்டைகளை ஒட்டுத் தைத்துச் சதுரமாக்குகிறேன். ஒட்டுத் தையல் எந்த நுனியிலும் போய் முடியாதபடி அட்டையை நகர்த்திப் பார்த்துத்தான் வரைய வேண்டும். நுனியில் ஒட்டு விழுந்தால் அந்த நுனியை மறந்துவிடலாம்.

இவ்வளவு செய்தும் ஐந்தும் ஆறும் சுமாராகத்தான் வந்தன. கூர்மை போதவில்லை. ஆறாவதைத் தூக்கிக்கொண்டு, எனக்கு வெட்டுத் துணி தரும் தையல்கார அக்காவிடம் போனேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, நீ நுனியில போய் நின்னு அப்படியே திருப்புற. குறுக்க ஒரு தையல் போட்டுத் திருப்பு. சட்டைக் காலருக்கு நூல் வச்சு இழுப்போமே, அதையே இதுக்கும் செய்யேன்" என்றார். காலரை நூல் வைத்து இழுப்பார்கள் என்றே எனக்குத் தெரியாது. அங்கேயே ஒரு துண்டில் செய்து காட்டினார். இரண்டு நிமிட வேலை.

அந்த முறையை முடிந்தவரை சரியாக எழுதுகிறேன், ஏனென்றால் இதில் ஒரு படி மாறினாலும் நூல் பிடிக்காது. தையல் நீளத்தை 1.5 மி.மீ. ஆக்கிக்கொள்ளுங்கள். நுனிக்கு ஒரு தையல் முன்னால், ஊசி துணிக்குள் இறங்கியிருக்க நிறுத்துங்கள். துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைத் தூக்கித் துணியைப் பாதி திருப்புங்கள். இப்போது ஒரு முழ நீளப் பட்டன் நூலை இரண்டு துணிக்கும் நடுவே, ஊசியை ஒட்டி, அதற்கு முன்னால் நுழையுங்கள்: ஒரு முனை நட்சத்திரத்தின் உடல் பக்கம், இன்னொரு முனை வெளியே. சக்கரத்தைக் கையால் சுற்றிக் குறுக்கே ஒரே ஒரு தையல் போடுங்கள். ஊசி மறுபடி கீழே நிற்க வேண்டும். வெளியே கிடக்கும் நூல் முனையை எடுத்து, ஊசிக்கு முன்பக்கமாகச் சுற்றி, இரண்டு துணிக்கும் நடுவே உடல் பக்கம் கொண்டுவந்து விடுங்கள். இப்போது மீதியைத் திருப்பி, அடுத்த ஓரத்தைத் தைக்கலாம். நூல் அந்தக் குறுக்குத் தையலைக் கொக்கிபோட்டுப் பிடித்திருக்கும், இரண்டு முனையும் உள்ளே இருக்கும்.

ஐந்து நுனிக்கும் ஐந்து நிறத்தில் நூல் வைத்தேன். ஒரே நிறம் என்றால் திருப்பும்போது எது எதன் ஜோடி என்று தெரியாது. உள்ளே கிடக்கும் நூல் முனைகள் தையல் கோட்டுக்கு வராதபடி நடுவில் சுருட்டி வைப்பது முக்கியம். ஒன்று தையலில் மாட்டியதால் ஓர் ஓரத்தைப் பிரித்துத் தைத்தேன்.

நட்சத்திரத்தைத் திருப்ப ஓரத்தில் வாய் விடுவதையும் நிறுத்திவிட்டேன். ஓர் ஓரம் மொத்தமே 4.7 செ.மீ. தான். அதில் மூன்றரை செ.மீ. திறந்து விட்டால், பிறகு கையால் மூடிய அந்த இடம் மட்டும் தனியாகத் தெரிகிறது. அதற்குப் பதில் தைத்து வெட்டிய பின், பின்துணியின் நடுவில் 4 செ.மீ. கீறல். நூல் முனைகள் ஐந்து ஜோடியையும் அந்தக் கீறல் வழியே வெளியே எடுத்து, ஒவ்வொரு ஜோடியாக மெதுவாக இழுத்தேன். நுனி தானாக வழுக்கிக்கொண்டு வெளியே வந்து நின்றது. எந்தக் குச்சியும் இல்லை, எந்தக் குத்தலும் இல்லை. ஐந்தும் வந்த பிறகு ஒரு முனையை விட்டுவிட்டு இன்னொன்றை இழுத்தால் நூல் முழுதாக உருவிக்கொண்டு வந்துவிடும். முதல் நுனி அப்படி வந்தபோது வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். இன்னும் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உள்மூலைக்கு இவ்வளவு சிரமம் இல்லை. மூலைக்கு இரு பக்கமும் 2 செ.மீ. வரை தையல்மேல் இன்னொரு தையல், தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை ஒரு பொட்டு, காய்ந்ததும் தையலுக்கு 1 மி.மீ. முன்பு வரை ஒரு வெட்டு. அந்த வெட்டு 3 மி.மீ. தள்ளி நின்றுவிட்டால் திருப்பிய பின் மூலையில் சுருக்கம் விழும். பயப்படாமல் நெருங்கி வெட்ட வேண்டும்.

பஞ்சு பழைய தலையணையிலிருந்து. முதலில் மிச்சத் துணியையே பொடிப்பொடியாக வெட்டி அடைத்துப் பார்த்தேன், எதுவும் வீணாகக் கூடாது என்ற ஆசை. ஆனால் கனம் கூடி, கட்டி கட்டியாகத் தெரிகிறது. தொங்கும் பொருளுக்கு அது ஒத்துவராது. துணிப்பொடியை ஊசி குத்தும் மெத்தை செய்யத் தனி டப்பாவில் சேர்க்கிறேன். பஞ்சை நுனிகளில் முதலில், கடலை அளவு கிள்ளிக் கிள்ளி இடுக்கியால் வைக்க வேண்டும். பெரிய உருண்டையாகத் திணித்தால் நுனிக்கு முன்னாலேயே அடைத்து நின்றுவிடும், அவ்வளவு பாடுபட்ட கூர்மை வீணாகிவிடும்.

துணி கிடைக்கும் இடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தையல்காரர்களுக்கு அடுத்தபடியாக எனக்கு நல்ல வரவு, திரைச்சீலைக் கடைகளில் காலாவதியான மாதிரிப் புத்தகங்கள். ஒரே குடும்பத்து நிறங்கள் வரிசையாகக் கிடைக்கும். குறை என்னவென்றால் பின்னால் ஒட்டிய தாள். இஸ்திரிச் சூட்டில் பசை இளகியதும் உரித்துவிடலாம், ஆனால் சிலவற்றில் பசைக் கறை போவதே இல்லை. அவற்றைப் பின்துணிக்கு வைத்துக்கொள்கிறேன். பழைய துணிக் குவியலில் எது என்னவென்று தெரியாதவற்றுக்குச் சின்ன நூலை எரித்துப் பார்ப்பேன். பருத்தி, காகிதம் எரியும் வாசனையோடு மெல்லிய சாம்பலாகும். பட்டு, முடி கருகும் நாற்றத்தோடு நசுக்கினால் பொடியும் கரியாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகிவிடும். இது தெரியாமல் ஒட்டும் கேன்வாஸை அதிகச் சூட்டில் வைத்தால் துணியே சுருங்கிப் போகும். அடர் சிவப்பு, கருநீலத் துணிகளை ஈர வெள்ளைத் துணியால் ஒரு முறை தேய்த்துப் பாருங்கள். சாயம் வந்தால் வெளிர் நிறத்தோடு சேர்க்க வேண்டாம்.

விளக்குக் கூடை பழைய சாமான் கடையில் எடுத்தது. துணி மக்கிப் போயிருந்தது, கம்பி நன்றாக இருந்தது. பழைய ஒயரையும் ஹோல்டரையும் முழுதாகக் கழற்றிப் போட்டுவிட்டேன். துருவை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தாகிவிட்டது. இனி அந்தக் கம்பிமேல் 2.5 செ.மீ. அகலக் கிராஸ் பட்டையைப் பாதிக்குப் பாதி ஏறும்படி சுற்ற வேண்டும். நேர்ப் பட்டை வளைவில் எழும்பி நிற்கும். கிராஸ் பட்டைதான் கம்பியோடு ஒட்டிப் படியும். ஒளி வேண்டுமானால் பேட்டரியில் எரியும் சிறு எல்.இ.டி. சரம்தான்; சூடாகும் பல்பு எதையும் துணிக்குப் பக்கத்தில் வைக்க மாட்டேன்.

இதற்கு அடுத்து என்ன என்று மனம் ஏற்கெனவே ஓட ஆரம்பித்துவிட்டது. அதே கடையில் மரத்தால் ஆன எம்பிராய்டரி வளையங்கள் நான்கு பார்த்தேன், திருகு இல்லாதவை. அவற்றில் சரிகைக் கரைகளை இழுத்துக் கட்டிச் சுவரில் மாட்டலாம். பழைய சட்டைப் பொத்தான்கள் ஒரு பாட்டில் நிறைய இருக்கின்றன. அவற்றில் தட்டையான பெரிய பொத்தான்களைத் துணியால் மூடி நட்சத்திரங்களின் பின்புறக் கீறலை மறைக்கப் பயன்படுத்துவதாக இருக்கிறேன். ஏழாவதுக்கு ஒன்று வைத்துப் பார்த்தேன், கீறலில் பாதிதான் மறைகிறது. 4 செ.மீ. கீறலை 3 ஆக்கினால் திருப்ப முடியுமா என்று எட்டாவதில் பார்க்க வேண்டும்.

முதல் ஆறில் இரண்டை வைத்துக்கொள்வேன், மற்றவற்றைப் பிரித்துத் துணியைத் திரும்ப எடுப்பேன். கணக்குப்படி இன்னும் ஒன்பது தைக்க வேண்டும், மூன்று வாரம் இருக்கிறது. எட்டாவதற்குக் கருநீலமும் பழைய தங்க நிறமும் எடுத்து வைத்திருக்கிறேன். கேன்வாஸ் ஒட்டியாகிவிட்டது, கோடு வரைந்தாகிவிட்டது, ஐந்து நிறப் பட்டன் நூலும் அளந்து வெட்டி மெஷின் பக்கத்தில் கிடக்கிறது.