அப்பாவின் ஆம்ப்ளிஃபயரும் நான் வாங்கிய 12-0-12-உம்

ஆடுதுறையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் ஆம்ப்ளிஃபயர், அப்பா கும்பகோணத்தில் ஒருவரிடம் சொல்லி அசெம்பிள் செய்து வாங்கியது. ஒலியைப் பெருக்கும் டிடிஏ 2030 ஐசி இரண்டு, ஒரு மரப்பெட்டி, அவ்வளவுதான். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை அதில் கேட்டால்தான் அவருக்குத் திருப்தி. போன மாதம் ஸ்விட்சைப் போட்டால் லைட்டே எரியவில்லை.

ஃபியூஸ் நன்றாக இருந்தது. டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியில், அதாவது வீட்டுக் கரண்டு வரும் காயிலில், மீட்டரை வைத்தேன். இந்த சைசுக்குச் சில பத்து ஓம்ஸ் காட்டவேண்டும், ஓப்பன், அதாவது எங்கோ அறுந்திருக்கிறது என்றது. காயில் போச்சு என்று முடிவு கட்டிவிட்டேன்.

புதுசு வாங்கலாமென்றால் பழையதன்மேல் ஓர் எழுத்துகூட இல்லை. மற்றதை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். டிசியைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் 2200 மைக்ரோஃபாரட், 25 வோல்ட். அப்படியென்றால் டிசி அதற்குக் கீழேதான். கோரின் நடு நாக்கு 2.5 செ.மீ., அடுக்கு 3 செ.மீ.; பெருக்கினால் 7.5. அதை 1.15-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் டிரான்ஸ்ஃபார்மர் தரக்கூடிய பவர், சுமார் 42 வி.ஏ. கும்பகோணத்தில் கடைக்காரர் இதையெல்லாம் கேட்கவே இல்லை. “2030-தானே? 12-0-12, 2 ஆம்பியர். கண்ண மூடிட்டுப் போடு தம்பி.” 12-0-12 என்றால் நடு வயரிலிருந்து இரண்டு பக்கமும் 12 வோல்ட் ஏசி. 350 ரூபாய்.

நல்லவேளை, கண்ணை மூடவில்லை. ஆற்றில் இன்னும் தண்ணீர் வரவில்லை; குறுவைக்குப் பகலெல்லாம் போர்செட் ஓடுவதால் எங்கள் தெருவில் கரண்டு 200 வோல்ட்டைத் தாண்டாது. ராத்திரி 9 மணிக்கு மோட்டார்கள் அடங்கியதும் 244. அப்போது புது டிரான்ஸ்ஃபார்மரை லோடு இல்லாமல் அளந்தால் ஒரு பக்கத்துக்கு 13.7 வோல்ட். இது டிசியானால் எவ்வளவு என்று 1.414-ஆல் பெருக்கி டயோடுக்கு 0.7 கழித்தால் 18.7. டிடிஏ 2030 தாங்குவதோ அதிகபட்சம் பிளஸ் மைனஸ் 18. பகலில் பாடும், ராத்திரி புகையும்.

9-0-9 கிடைக்கும், ஆனால் சத்தம் குறையும். என்ன செய்வதென்று தெரியாமல் பழையதன் மஞ்சள் டேப்பைச் சும்மா உரித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது சுற்றுக்கடியில் அரிசிமணி போல ஒரு சின்னப் பொருள், பிரைமரியோடு சீரியஸில். தெர்மல் ஃபியூஸ்; 130 டிகிரி சூடானால் அறுந்து கரண்டை நிறுத்திவிடும். போயிருந்தது அதுதான், காயில் சுத்தம்! அளந்து பார்க்க மட்டும் அதை ஷார்ட் செய்து, சீரியஸ் பல்பு வழியாகக் கரண்டு கொடுத்தேன். பல்பு எரியவில்லை, அதாவது உள்ளே ஷார்ட் இல்லை. பிறகு நேரடியாகக் கொடுத்தால் 11.2-0-11.2. அதாவது 230-க்கு இது 10-0-10 வகை. அந்த அசெம்பிள் செய்தவர் எங்கள் ஊர்க் கரண்டைத் தெரிந்தவர்தான்.

சரி, ஃபியூஸ் ஏன் போனது? ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜில் இருந்த நான்கு 5402 டயோடில், ஒரு பக்கம் மட்டுமே கரண்டை விடவேண்டிய ஒன்று இரண்டு பக்கமும் ‘பீப்’ என்றது. ஷார்ட். புதுசை அப்படியே மாட்டியிருந்தால் அதுவும் வெந்திருக்கும்.

டயோடு மாற்றுவது ஐந்து நிமிஷ வேலை. தெர்மல் ஃபியூஸ்தான் பாடாய்ப் படுத்தியது. ஃபேன் காயில் கட்டுகிறவரிடம் 130 டிகிரியில் இரண்டு கிடைத்தன. (ரைஸ் குக்கரில் வருவது இதைவிட அதிக சூட்டுக்கானது, இதற்கு ஆகாது.) முதலாவதை ஆற அமர சால்டரிங் வைத்தேன், மீட்டரில் பார்த்தால் ஓப்பன். சூட்டுக்குப் போகிற பொருளைச் சூடு வைத்து ஒட்டினால் வேறென்ன ஆகும்! இரண்டாவதன் காலை நீளமாக விட்டு, ஈரத்துணி சுற்றிய நோஸ் பிளையரால் பிடித்துக்கொண்டு, இரண்டு விநாடியில் ஒட்டி எடுத்தேன். அது பிழைத்தது.

மறுபடி சீரியஸ் பல்பு: ‘பளிச்’சென்று மின்னி மங்கியது. ராத்திரியில் டிசி பிளஸ் மைனஸ் 15.1. தோடி வந்தது. இடது பக்கம் வால்யூம் திருகும்போது கரகரப்பு இருக்கிறது, அது அடுத்த ஞாயிற்றுக்கிழமை.

12-0-12-ஐக் கடையில் திரும்ப வாங்கமாட்டார்களாம். 12 வோல்ட்டை நிலையாகத் தரும் 7812 ஐசி ஒன்று போட்டு, தங்கையின் சுருதிப்பெட்டிக்கு சப்ளையாக்கலாமென்று ஓரமாக வைத்திருக்கிறேன்.