கோடு போட்டுத் திருப்பி அனுப்பிய இரண்டு வரிகள்

அந்த இரண்டு வரிகளை எழுத்துப்படியிலிருந்து நான் நீக்கியது சரிதானா என்ற கேள்வி இன்னும் என்னை விடவில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) அரசுப் பள்ளிகளை மூடியபோது படிப்பை இழந்த கறுப்பினத்தவரின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்கிறோம். எங்கள் நடைமுறைப்படி, பதிவான பேச்சை எழுத்தாக்கிப் பேசியவருக்கே சரிபார்க்க அனுப்புவோம். அப்படிப் பேசிய ஓர் அம்மையார் எல்லாப் பக்கங்களையும் ஒப்புக்கொண்டு, ஓரிடத்தில் மட்டும் பென்சிலால் அழுத்தமாகக் கோடு போட்டிருந்தார். 1959இல் தம் தாய் அண்ணனை மட்டும் வட கரோலினாவிலிருந்த உறவினர் வீட்டுக்குப் படிக்க அனுப்பினார் என்றும், தம்மை ஏன் அனுப்பவில்லை என்று கடைசிவரை தாயிடம் கேட்கவில்லை என்றும் சொன்ன இடம் அது.

தொலைபேசியில் கேட்டேன். அண்ணன் இன்னும் இருக்கிறார், படித்தால் தாங்கமாட்டார் என்றார். அண்ணன் காலத்துக்குப் பிறகு வெளியிடலாமே என்றதற்கு, பூட்டி வைத்த பெட்டியை யாராவது திறக்கத்தானே செய்வார்கள் என்று கேட்டார். ஒப்புதல் படிவம் அவருக்குத் தந்திருந்த உரிமை அது, நீக்கிவிட்டேன்.

பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் 1951 ஏப்ரல் 23இல்தான் தொடங்குவார்கள். 180 கறுப்பின மாணவர்களுக்கென்று கட்டிய மோட்டன் உயர்நிலைப் பள்ளியில் 450க்கும் மேற்பட்டோரை அடைத்து, மிஞ்சியவர்களைத் தார்த்தாள் போர்த்திய கொட்டகைகளில் உட்கார வைத்ததை எதிர்த்து, பதினாறு வயது பார்பரா ஜான்ஸ் மாணவர்களை வெளியே அழைத்துவந்த நாள் அது. அங்கே பிறந்த வழக்கு, அரசுப் பள்ளிகளில் இனம் பிரித்து வைப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிரவுன் தீர்ப்பில் சேர்த்து விசாரித்த ஐந்து வழக்குகளில் ஒன்றானது. ஆனால் 1959இல், இனி சேர்ந்துதான் படிக்க வேண்டும் என்று நீதிமன்றம் நெருக்கியபோது, கவுண்டி நிர்வாகக் குழு பள்ளிக்கான வரியையே விதிக்க மறுத்து அரசுப் பள்ளிகளை மூடியது. வெள்ளைக் குழந்தைகளுக்குத் தனியார் பள்ளி உடனே எழுந்தது. கறுப்பினக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு, 1963இல் தற்காலிக இலவசப் பள்ளிகள் வரும்வரை, தேவாலயங்களில் நடந்த சில வகுப்புகளைத் தவிர வேறொன்றும் இல்லை. அரசுப் பள்ளிகள் மறுபடி திறந்தது 1964இல், இன்னொரு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு.

இவையெல்லாம் நீதிமன்றக் கோப்புகளில் இருக்கின்றன. எந்தப் பிள்ளையை அனுப்புவது, எதை வீட்டில் நிறுத்திக்கொள்வது என்று ஒரு தாய் முடிவெடுத்த இரவு எந்தக் கோப்பிலும் இல்லை. அதற்காகத்தானே நாங்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு போகிறோம்? அந்த வரிகள் போன பிறகு, அவர் வீட்டில் சும்மா காத்திருந்தவர்போல எழுத்துப்படி வாசிக்கிறது. நடந்த கொடுமை ஒரு சுற்று இளைத்துத் தெரிகிறது.

மறுபக்கமும் உண்டு. வரிகள் இருந்திருந்தால், படிக்கிறவர்களில் பாதிப்பேர் வரி விதிக்க மறுத்த குழுவை விட்டுவிட்டு அந்தத் தாயைக் குறை சொல்லியிருப்பார்கள். இதை அன்றே யோசித்தேனா, பின்னால் என் சமாதானத்துக்காகக் கண்டுபிடித்தேனா என்று எனக்கே உறுதியாகத் தெரியவில்லை. மேலும், நான் கேட்காமலேயே, கருவி ஓடுவது தெரிந்தே அவர் அதைச் சொன்னார். சொல்ல விரும்பியவரும் அவர்தான், மறைக்க விரும்பியவரும் அவர்தான் என்னும்போது யாருடைய விருப்பத்தை நான் மதித்தேன்?

அதன்பின் பேச வந்த ஒவ்வொருவரிடமும், உங்கள் வீட்டில் யார் வெளியூர் போனார்கள், யார் தங்கினார்கள் என்று நானாகவே கேட்கத் தொடங்கிவிட்டேன். சிலர் பதில் சொல்கிறார்கள்.