உப்பு மூட்டை

இன்று காலை திருப்பூரில் ஒரு சாயக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கிடங்கில் நின்றேன். கூரை வரை உப்பு மூட்டைகள்.

அழுக்கு மஞ்சள் உப்பு. ஒரு மூட்டை கிழிந்து, தரையில் கொட்டியது ஈரம் இழுத்துப் பாறையாக இறுகிக் கிடந்தது.

பருத்தியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். ஒரு காலத்தில் அந்த உப்புக் கழிவுநீர் அப்படியே நொய்யல் ஆற்றில் கலந்து, பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. விவசாயிகள் வழக்கு நடத்தினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது.

அப்புறம்தான் எல்லாம் மாறியது. இப்போது சுத்திகரித்த தண்ணீர் திரும்பவும் சாயம் போடவே போகிறது. உப்புக் கரைசலும் பெரும்பாலும் அப்படியே. மிஞ்சும் கலப்பு உப்புக்குத்தான் போக்கிடம் இல்லை.

சுத்திகரிக்கக் கரண்ட், விறகு, ஆள் கூலி. இந்தச் செலவு முழுவதையும் பட்டறைக்காரர் தலையில் கட்டிவிட்டு, சட்டையில் 'பசுமை' என்று சீட்டு மட்டும் தைத்துக்கொள்வது நியாயமே இல்லை. வாங்குகிற பெரிய கம்பெனிகள் சட்டைக்குச் சில ரூபாய் கூட்டித் தரட்டும்.

கிளம்பும்போது கிடங்கு அண்ணன் அந்தக் கிழிசலைக் கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருந்தார்.

"மழைக்கு முன்னாடி தெச்சுப்போடோணும் தம்பி. கரைஞ்சா மறுபடி ஆத்துக்குத்தான் போகும்."