தினமும் இருபது நிமிடம்: வேலைக்குப் போய்க்கொண்டே கிட்டார் கிரேடு தேர்வுக்குத் தயாரான முறை

கிட்டார் வாங்கியவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வாசிக்க வேண்டும்? இருபது நிமிடம் போதும் என்று சொல்வேன். ஆனால் தினமும் வேண்டும். இருபது நிமிடம் வீதம் ஏழு நாள் என்றால் 140 நிமிடம். வாரம் முழுக்கத் தொடாமல் இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காருகிறவர் 180 நிமிடம் வாசிக்கிறார். கணக்குப்படி அவர்தான் முன்னால் இருக்க வேண்டும். ஆனால் ஆறு மாதம் கழித்து இருவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள், யார் தினமும் வாசித்தவர் என்று உடனே தெரியும்.

நான் சென்னையில் அலுவலக வேலை பார்த்துக்கொண்டே, முதலில் கார்டு (சில ஸ்வரங்களை ஒன்றாக ஒலிக்கவைக்கும் விரல் பிடி) பிடித்து சினிமாப் பாட்டு வாசிக்கக் கற்றுக்கொண்டு, அப்புறம் டிரினிட்டி காலேஜ் லண்டன் என்ற தேர்வு அமைப்பு படிப்படியாக நடத்தும் கிளாசிக்கல் கிட்டார் கிரேடு தேர்வுகளுக்குப் போனவன். சென்னைக்கும் இந்தத் தேர்வுகளுக்கும் பழைய உறவு உண்டு. இளையராஜா கிளாசிக்கல் கிட்டாரில் டிரினிட்டி தங்கப் பதக்கம் பெற்றவர் என்பது இங்கே கிட்டார் கற்கிற எல்லோருக்கும் தெரியும். அண்ணா சாலையில் 1842-ல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் என்ற இசைக்கருவிக் கடை பல தலைமுறை மாணவர்களுக்கு இந்தத் தேர்வுகளின் வாசலாக இருந்திருக்கிறது. இந்தத் தேர்வுகளுக்கு வயது வரம்பு கிடையாது. முப்பது, நாற்பது வயதில் ஆரம்பிப்பவர்கள் தயங்க வேண்டாம்.

ஏன் தினமும் என்பதற்கு முதல் காரணம் விரல் நுனி. ஸ்டீல் கம்பியை அழுத்தும்போது இடது கை விரல்களின் தோல் நோகும். கொஞ்சம் கொஞ்சமாக, நாள் தவறாமல் அழுத்தினால் சில வாரங்களில் நுனி காய்த்து, வலி போய்விடும். ஒரே நாளில் மூன்று மணி நேரம் அழுத்தினால் கொப்புளம் வரும், அது ஆற நாலைந்து நாள் ஓய்வு தேவைப்படும், அதற்குள் காய்த்த தோலும் இளகத் தொடங்கும். எனக்குச் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் ஆரம்ப நாட்களில் கிளாஸ் முடியும்போதெல்லாம் ஒன்றே ஒன்று சொல்வார்: "தம்பி, வலி வர்றதுக்கு முன்னாடியே வச்சிடுங்க. நாளைக்கும் அது உங்க கிட்டார்தானே." இன்னொன்றும் கவனித்துக்கொள்ளுங்கள். ஃப்ரெட்டின் (கிட்டார் கழுத்தில் உலோகப் பட்டைகள் பிரிக்கும் கட்டத்தின்) உலோகப் பட்டையை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் விரலை வைத்தால் பாதி பலத்திலேயே சத்தம் சுத்தமாக வரும். இரண்டு பட்டைகளுக்கு நடுவில் வைத்தால்தான் அவ்வளவு அழுத்தம் தேவைப்படுகிறது.

இரண்டாவது காரணம் மூளை கற்றுக்கொள்ளும் விதம். இதைப் பற்றி 1978-ல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். பிரிட்டிஷ் தபால் ஊழியர்களுக்கு விசைப்பலகையில் தட்டச்சு கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. ஆலன் பேட்லி, லாங்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் தினம் ஒரு மணி நேரம் மட்டும். மற்றவர்களுக்கு தினம் இரண்டு மணி நேரம், அல்லது நாலு மணி நேரம் வரை. மொத்தம் செலவிட்ட மணிகளைக் கணக்கிட்டால், தினம் ஒரு மணி நேரம் பழகியவர்கள்தான் மிகக் குறைந்த நேரத்தில் கற்றுக்கொண்டார்கள். ஆனால் தங்கள் பயிற்சி பற்றி மிகக் குறைவான திருப்தி கொண்டிருந்ததும் அவர்கள்தான், ஏனென்றால் நாட்கணக்கில் பார்த்தால் அவர்களுக்கு அதிக நாள் ஆனது. கிட்டார் கற்கிறவர் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். தினமும் கொஞ்சம் வாசிக்கிறவருக்கு "ஒன்றும் முன்னேறவில்லையே" என்ற எண்ணம் வந்தே தீரும். வந்தால் முறை தவறு என்று அர்த்தமில்லை, அதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

தூக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. 2002-ல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் வலக்கைப் பழக்கம் உள்ளவர்களை, இடது கை விரல்களால் 4-1-3-2-4 என்ற வரிசையைத் திரும்பத் திரும்ப வேகமாகத் தட்டச் சொன்னார்கள். 30 வினாடி தட்டு, 30 வினாடி ஓய்வு, மீண்டும் தட்டு. பகல் முழுக்க விழித்திருந்துவிட்டு மறுபடி தட்டியவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை. இரவு தூங்கி எழுந்தவர்களின் வேகம் ஏறத்தாழ 20 சதவீதம் கூடியிருந்தது. கிட்டாரில் நம் இடது கை செய்வதும் இதே வேலைதானே. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாசிக்கிறவருக்கு வாரத்தில் ஒரு தூக்கம், தினமும் வாசிக்கிறவருக்கு ஏழு.

சரி, அந்த இருபது நிமிடத்தில் என்ன செய்வது? அதற்கு முன், கிட்டார் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பைக்குள் போட்டு, ஜிப்பை மூடி, பீரோ மேல் வைத்திருந்தால் எடுக்க மனசு வராது. ஹாலில் ஒரு ஸ்டாண்டில், கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஏசி காற்று நேராகப் படக்கூடாது, வெயிலும் படக்கூடாது. சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் வியர்வையும் உப்புக் காற்றும் ஸ்டீல் கம்பியைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் ஒரு தரம் துடைத்தால் போதும்.

ட்யூனிங் ஒரு நிமிடம். அதற்குப் பிறகு வரும் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான் முக்கியமானது, அதில் ஒரே ஒரு இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். பாட்டு முழுவதையும் தொடக்கூடாது. கார்டு பழகுகிறவர் என்றால் ஒரே ஒரு மாற்றம். உதாரணத்துக்கு ஏ மைனரிலிருந்து சி மேஜர் (கம்பிகளை மெல்லிய கம்பியிலிருந்து எண்ணுகிறேன்). ஏ மைனரில் ஆள்காட்டி விரல் இரண்டாவது கம்பியின் முதல் ஃப்ரெட்டிலும், நடுவிரல் நான்காவது கம்பியின் இரண்டாவது ஃப்ரெட்டிலும் இருக்கும். சி மேஜருக்குப் போகும்போது இந்த இரண்டு விரலும் அசையவே வேண்டாம். மோதிர விரல் மட்டும் மூன்றாவது கம்பியை விட்டு ஐந்தாவது கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டுக்குப் போகிறது, அவ்வளவுதான். இது புரியாமல் ஒவ்வொரு முறையும் கையை முழுக்க எடுத்துவிட்டு மறுபடி வைக்கிறவர்களை நிறையப் பார்க்கலாம். எந்த விரல் நிற்கிறது, எந்த விரல் போகிறது என்று முதல் இரண்டு நிமிடம் மெதுவாகப் பார்த்துவிட்டால் மீதி வேலை பாதியாகக் குறையும்.

அப்புறம் போனில் ஒரு நிமிடம் டைமர் வைத்து, எத்தனை மாற்றம் சுத்தமாக வந்தது என்று எண்ணி, ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். எவ்வளவு வந்தால் போதும்? நிமிடத்துக்கு 80 தட்டு போகும் பாட்டில் நாலு தட்டுக்கு ஒரு கார்டு என்றால் நிமிடத்துக்கு 20 மாற்றம்தான் வருகிறது. அப்படியானால் 20 எட்டினால் போதும் என்று தோன்றும். போதாது. நிமிடத்துக்கு 20 என்றால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முழு மூன்று வினாடியும் போய்விடுகிறது, வாசிக்க நேரமே இல்லை. 60 வந்தால் மாற்றம் ஒரு வினாடிக்குள் முடியும், ஸ்ட்ரம்மிங் (வலது கையால் கம்பிகளை மீட்டுவது) நிற்காது. ஒரு ஜோடி 60 தொட்டதும் அதை விட்டுவிட்டு அடுத்த ஜோடிக்குப் போகலாம்.

வேகம் பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் யாராவது கர்நாடக சங்கீதம் கற்றிருந்தால் சரளி வரிசையை மூன்று காலத்தில் பாடச் சொல்லிக் கேளுங்கள். முதல் காலம் நிற்காமல் யாரும் மூன்றாம் காலத்துக்குப் போவதில்லை. கிட்டார் சாதகத்திலும் அதே ஒழுங்கு வேண்டும். தாளத்தைச் சீராகத் தட்டிக்காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 50 தட்டில் வைத்து, பாட்டில் இரண்டே இரண்டு பார் (தாளச் சுற்று) எடுத்து, தொடர்ந்து மூன்று முறை பிசிறில்லாமல் வந்தால் 54. அங்கே தடுக்கினால் மறுபடி 50. மெட்ரோனோமுக்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டியதில்லை, இலவச ஆப் போதும்.

ஆள்காட்டி விரலை எல்லாக் கம்பிகளுக்கும் குறுக்காக வைத்து அழுத்தும் எஃப் பார் கார்டில் நிறையப் பேர் கிட்டாரையே விட்டுவிடுகிறார்கள், அது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம். முதல் ஃப்ரெட்டில் அதைப் பழகத் தொடங்காதீர்கள். கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட்டுக்குப் பக்கத்தில் கம்பியை அழுத்துவதுதான் கடினம். அதே வடிவத்தை ஐந்தாவது ஃப்ரெட்டில் பிடித்தால் ஏ மேஜர் வரும், அழுத்தமும் குறைவு. அங்கே சத்தம் தெளிந்த பிறகு, வாரத்துக்கு ஒரு ஃப்ரெட்டாகக் கீழே இறங்குங்கள். ஆள்காட்டி விரலைத் தட்டையாக வைக்காமல் கட்டைவிரல் பக்கமாகச் சற்றுச் சாய்த்தால், எலும்பை ஒட்டிய கெட்டியான பக்கம் கம்பியில் படும். இவ்வளவு செய்தும் வரவில்லை என்றால் கிட்டாரின் கம்பி உயரத்தை, அதாவது ஆக்‌ஷனைப் பாருங்கள். ஸ்டீல் கம்பி கிட்டாரில் 12-வது ஃப்ரெட்டில் தடித்த கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடைவெளி சுமார் இரண்டரை மில்லிமீட்டர் இருக்கலாம். நாலு, ஐந்து மில்லிமீட்டர் இருந்தால் ரிப்பேர் கடையில் கொடுத்து இறக்கிக்கொள்ளுங்கள்.

கடைசி ஐந்து நிமிடம் பிடித்த பாட்டை வாசியுங்கள். தடுக்கினாலும் பரவாயில்லை. அந்த ஐந்து நிமிடம் இருந்தால்தான் மறுநாள் கை தானாகக் கிட்டார் பக்கம் போகும்.

இனி தேர்வு. டிரினிட்டி கிளாசிக்கல் கிட்டாரில் மொத்தம் 100 மதிப்பெண். மூன்று பாடல்களுக்குத் தலா 22, ஸ்கேல் (ஸ்வர வரிசை) போன்றவற்றை வாசிக்கும் டெக்னிக்கல் பகுதிக்கு 14, சைட் ரீடிங் போன்ற இரண்டு துணைத் தேர்வுகளுக்குத் தலா 10. பாஸ் 60, மெரிட் 75, டிஸ்டிங்ஷன் 87. பாடல்களுக்கு 66 என்று பார்த்ததும் எல்லோரும் அதிலேயே விழுந்து கிடப்பார்கள். ஆனால் மூன்று பாடலிலும் குறையே இல்லாமல் வாசித்தாலும் மற்ற பகுதிகள் இல்லாமல் மெரிட் கூடக் கிடைக்காது. அந்த 34 மதிப்பெண் முழுக்க தினசரிப் பழக்கத்தின் பலன். ஸ்கேல், ஆர்ப்பெஜியோ (கார்டின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக வாசிப்பது) எல்லாம் மனப்பாடமாக வாசிக்க வேண்டும். சைட் ரீடிங்கில் இதுவரை பார்க்காத சின்னத் துண்டைக் கொடுத்து, பார்த்துக்கொள்ள அரை நிமிடம் தருவார்கள். தேர்வுக்கு முந்தைய வாரம் எவ்வளவு முட்டி மோதினாலும் இதெல்லாம் வராது. நான் தினமும் இரண்டு நிமிடம், என் கிரேடுக்கு ஒரு படி கீழே உள்ள புதிய வரிகளை நிற்காமல் வாசித்துப் பழகினேன். தப்பான ஸ்வரம் வந்தாலும் தாளம் நிற்கக்கூடாது என்பது மட்டுமே அங்கே விதி.

வலது கைக்கு, இத்தாலியில் பிறந்து வியன்னாவில் புகழ்பெற்ற மவுரோ ஜூலியானி 1812-ல் வெளியிட்ட 120 பயிற்சிகளைவிடப் பொருத்தமான துணை எனக்குத் தெரியவில்லை. 120-ம் சி, ஜி7 என்ற இரண்டே கார்டுகளின் மேல் அமைந்தவை. இடது கைக்கு யோசனையே வேண்டாம், கவனம் முழுக்க வலது கை விரல்களுக்குப் போகும். ஒவ்வொன்றும் சில வரிகள்தான். ஒரு நாளைக்கு ஒன்று என்றால் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும், நம் இருபது நிமிடத்துக்கென்றே எழுதியதுபோல இருக்கும்.

தேர்வுக்கு முந்தைய மாதத்தில் மட்டும் ஒரு மாற்றம் செய்யுங்கள். அலுவலகத்திலிருந்து வந்ததும், விரல் சூடேற்றாமல், ஒரு பாடலை ஒரே ஒரு முறை போனில் ரெக்கார்ட் செய்யுங்கள். தேர்வு அறையில் ஏசி இருக்கும், கை குளிர்ந்திருக்கும், முதல் முறை வருவதுதான் கணக்கு. அந்த நிலையில் வாசிக்கத் தினமும் ஒரு தரம் பழகியிருந்தால் பதற்றம் கட்டுக்குள் இருக்கும். ரெக்கார்டிங்கை உடனே கேட்க வேண்டாம், மறுநாள் கேளுங்கள். நகத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கிளாசிக்கல் வாசிப்பில் வலது கை நகம்தான் ஒலி. கடைசி வாரத்தில் பாத்திரம் தேய்ப்பதையும் டப்பா மூடி திறப்பதையும் வீட்டில் வேறு யாரிடமாவது விட்டுவிடலாம்.

ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் நாற்பது நிமிடம் வாசித்து ஈடுகட்ட முயல வேண்டாம். வழக்கமான இருபதுக்கே திரும்பிவிடுங்கள். காய்ச்சல், ஊர்ப் பயணம் என்றால் ஐந்து நிமிடம்கூடப் போதும். கிட்டாரே கையில் இல்லாவிட்டால் ரயிலில் உட்கார்ந்து நோட்டேஷனைப் படித்துக்கொண்டே இடது கை விரல்களைத் தொடையில் அசைத்துப் பார்க்கலாம்.

கிரேடு 5-க்கு மேல் போகும்போது பாடல்கள் நீளும், இடது கை கழுத்தில் இடம் மாறும் பொசிஷன் மாற்றங்கள் கூடும், இருபது நிமிடம் பற்றாது. அப்போதும் ஒரே மூச்சில் ஒரு மணி நேரமாக ஆக்காமல், காலையில் இருபது, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இருபது என்று பிரித்துக்கொண்டேன். காலையில் டெக்னிக்கல் பகுதியும் சைட் ரீடிங்கும், இரவில் பாடல்கள். பாடலைத் தூங்குவதற்கு முந்தைய நேரத்துக்கு ஒதுக்கியதில் எனக்கு நல்ல பலன் தெரிந்தது. உங்கள் வீட்டில் இரவு சத்தம் கூடாது என்றால் நேரத்தை மாற்றிவைத்துக்கொள்ளலாம்.