புதுக்கடைக் கோட்டிலிருந்து வெள்ளவத்தை மேடைக்கு

யாழ்ப்பாணத்தில் இரவு பஸ் ஏறினால் விடியப்புறம் வெள்ளவத்தை. சொகுசு பஸ்கள் பலவும் காலி வீதியில் அங்கேதான் கடைசி ஆளை இறக்கிவிடும். கொழும்பில் சட்டத்தரணியாக இருந்த காலத்தில் ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் இதே வழியில்தான் வந்திருக்கிறேன், மடியில் வழக்குக் கட்டோடு. இப்போது மடியில் ஒரு கொப்பி மட்டும். ஸ்டாண்ட் அப் நகைச்சுவை இப்போது என் தொழில். இந்தப் பயணமும் அதற்காகத்தான்.

நிகழ்ச்சி மாலையில். ஒரு முழுப் பகல் கையில் இருந்ததால் 100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போய், அங்கிருந்து ஆட்டோ பிடித்துப் புதுக்கடையில் இறங்கினேன். நாட்டின் பெரிய நீதிமன்றங்கள் எல்லாம் அந்த மேட்டில்தான். ஒன்பது மணிக்கு முந்திய பரபரப்பு அப்படியே இருக்கிறது. கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு வீதியைக் கடக்கும் இளம் சட்டத்தரணிகள், தட்டச்சுக் கடைகள், பிளேன்டீக் கடைகள். காணி உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு பிடித்தபடி எந்தக் கோடு (நீதிமன்றம்), எந்த மாடி என்று விசாரிக்கும் அம்மாமார். என் கண் முதலில் அவர்களிடம்தான் போகும், அன்றும் இன்றும்.

'நல்ல தொழிலை ஏன் விட்டாய்' என்று உறவுக்காரர் இன்னும் கேட்கிறார்கள். தொழிலை வெறுத்து விடவில்லை. சட்டம் படித்த நாட்களை இன்றைக்கும் பெரிய பேறாகவே நினைக்கிறேன். ஆனால் கோட்டில் ஒன்று என்னை விடாமல் அரித்துக்கொண்டிருந்தது.

வடக்கு கிழக்குக்கு வெளியே நீதிமன்றப் பதிவு சிங்களத்தில் நடக்க வேண்டும் என்பது அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை. தமிழில் பேசுகிறவருக்கு மொழிபெயர்ப்பாளர் கிடைப்பது உரிமை. ஒரு வழக்கில் வயதான ஒரு அம்மா சாட்சிக் கூண்டில் நின்றார். சம்பவம் எத்தனை மணிக்கு என்று கேள்வி. "பால்காரன் வந்துட்டுப் போன பிறகு, சின்னவன் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட முந்தி, அடுப்பில கேத்தில் கொதிச்சுக்கொண்டு நிக்குது" என்றார். தமிழ் தெரிந்தவர்கள் முகத்தில் சிரிப்பு. மொழிபெயர்ப்பாளர் சிங்களத்தில் சொன்னது, "காலை ஆறரை மணியளவில்." பதிவில் ஏறியதும் அதுதான். அவரைக் குறை சொல்ல முடியாது. கோட்டுக்குத் தேவைப்பட்டது நேரம். பால்காரனும் சின்னவனும் கேத்திலும் தேவைப்படவில்லை. எனக்கு அந்த மூன்றும் தேவைப்பட்டன. அந்த மூன்றையும் யாராவது எங்காவது சொல்லத்தான் வேண்டும் என்று தோன்றியது.

மேடையில் எனக்குக் கைகொடுப்பதும் அதே கோட்டில் பழகியதுதான். மொழிபெயர்ப்பாளர் முடிக்கும்வரை பொறுத்து அடுத்த கேள்வியைத் தொடங்க வேண்டும். அதனால் ஒரு வசனத்தை எங்கே முறித்தால் கேட்பவர் கையில் முழுதாகப் போய்ச் சேரும் என்று பழகிவிட்டது. இப்போது அந்த இடைவெளியில் சிரிப்பு வருகிறது. சிரிப்பு அடங்கும்வரை அதே மாதிரி நிற்கிறேன்.

சரி, வழக்குக் கதைகளை எல்லாம் மேடையில் கொட்டலாமா? கூடாது. சாட்சியங்கள் கட்டளைச் சட்டத்தின் 126ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: கட்சிக்காரர் தன் சட்டத்தரணியிடம் நம்பிச் சொன்னதை வெளியே விடக்கூடாது, தொழில் உறவு முடிந்த பிறகும் அந்தக் கடமை தொடரும். கறுப்புக் கோட்டைக் கழற்றிவிட்டேன் என்பதால் அது என்னை விட்டுவிடாது, விடவும் வேண்டாம். நம்பி அழுத ஒருவரின் கதையில் கைதட்டல் வாங்குவதை நினைத்தாலே எனக்குக் கூசும். திறந்த மன்றில் எல்லோரும் கேட்டது, நடைபாதையில் காதில் விழுந்தது, என் குடும்பத்துப் பெண்கள் சந்தித்தது, சட்டப் புத்தகத்திலேயே இருப்பது. என் சரக்கு இவ்வளவுதான். இதுவே தாராளம்.

சட்டப் புத்தகத்தில் எனக்கு வற்றாத கிணறு தேசவழமை. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காறுகளை ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுத்தார்கள். ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள். பிறகு 1911இல் மணவுரிமை, சொத்துரிமை பற்றி ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. அதன்படி, தேசவழமைக்கு உட்பட்ட பெண் தன் பெயரில் உள்ள அசையாச் சொத்தை விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். நகையை விற்கலாம், காணியை விற்க முடியாது. காணி யாழ்ப்பாணத்தில்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. பெண்ணைப் பிடித்துக்கொண்டு வரும் சட்டம் அது. வெள்ளவத்தையில் தன் சம்பளத்தில் தவணை கட்டி வாங்கிய பிளாட்டுக்கும் உறுதி எழுதும் நொத்தாரிசு அதே கேள்வியைத்தான் கேட்பார். நான் தொழில் செய்த காலம் முழுக்க இதைப் பார்த்திருக்கிறேன்.

அன்று மாலை மண்டபம் கடற்கரைப் பக்கம், காலி வீதியிலிருந்து இறங்கும் ஒரு ஒழுங்கையில். மண்டபத்துக்குப் பின்னால் ரயில் பாதை. ரயில் போகும்போது மைக் இருந்தும் பிரயோசனம் இல்லை, எல்லோருமாகக் காத்திருப்போம். முன்வரிசையில் ஐம்பது அறுபது வயது அன்ரிமார், பின்னால் வங்கியிலும் கணக்காய்வு நிறுவனங்களிலும் வேலை செய்யும் பிள்ளைகள். ஏற்பாடு செய்த பெரியவர் தொடங்குவதற்கு முன் சொன்னார், "இது எங்கட தனிநடிப்புத்தானே பிள்ளை, பயப்பிடாதை." அவர் சொன்னது மெத்தச் சரி. நடிகர் கே. எஸ். பாலச்சந்திரன் 'அண்ணை றைட்' தனிநடிப்பில் ஒற்றை ஆளாக பஸ் நடத்துநராக நின்று, ஒரு பஸ் நிறையச் சனத்தை மேடையில் ஏற்றிக் காட்டியவர். அதைப் பார்த்தும் ஒலிநாடாவில் கேட்டும் வளர்ந்த சனம் முன்வரிசையில் இருக்கும்போது, புதிதாக எதையும் விளக்கத் தேவையில்லை.

பிளாட் கதையைச் சொன்னேன். கற்பனைப் பெண்தான், பல பேரைச் சேர்த்துச் செய்தவர். கணவர் வெளிநாடு போய் வருசக்கணக்காகத் தொடர்பில்லை. நொத்தாரிசு கண்ணாடியை மூக்கில் இறக்கிக் கேட்கிறார், "எல்லாம் சரி, ஐயாவின்ர கையெழுத்து?" அந்தப் பெண் சொல்கிறார், "கூப்பிட்ட உடனே வந்து கையெழுத்துப் போடுற மனுசன் என்றால் நான் ஏன் ஐயா பிளாட்டை விக்கிறன்?"

முதலில் சிரித்தது முன்வரிசை. இளையவர்களின் சிரிப்பு பிறகுதான் வந்தது, அன்ரிமார் ஏன் இப்படிச் சிரிக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்துவிட்டு. ஒரு அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்து இருக்கைக்காரியின் தொடையில் அடித்தார். இந்தச் சட்டம் நியாயமா என்று பத்திரிகையில் கட்டுரை எழுதியிருந்தால் அந்த அடி விழுந்திருக்காது. சிரிக்க வைத்த சட்டத்தைத்தான் சனம் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பேசும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த ஊரில் மேடையேறும் யாருக்கும் இன்னொரு சட்டமும் மனதில் இருக்கும். 2023 மே மாதம் நகைச்சுவைக் கலைஞர் நதாஷா எதிரிசூரிய கட்டுநாயக்க விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். மேடையில் சொன்ன வார்த்தைகள் பௌத்தத்தை இழிவுபடுத்தின என்பது குற்றச்சாட்டு. பாய்ந்தது 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் சட்டத்தின் 3ஆம் பிரிவு. மனித உரிமைக்கான சர்வதேச உடன்படிக்கையின் பெயரைத் தாங்கிய சட்டம். அந்தப் பிரிவில் நீதவான் பிணை கொடுக்க முடியாது. மேல் நீதிமன்றம்தான் கொடுக்கலாம், அதுவும் விதிவிலக்கான சூழ்நிலையில். ஜூலையில்தான் அவருக்குப் பிணை கிடைத்தது. குற்றம் நிரூபணமானால் பத்து ஆண்டு வரை கடூழியச் சிறை என்கிறது அந்தப் பிரிவு. நிரூபணமாவதற்கு முன்பே வாரக்கணக்கில் விளக்கமறியலில் இருப்பதே தண்டனை என்பது என் முடிவான கருத்து. அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சுரிமையைத் தருகிறது. அந்த உரிமை மேடைக்கு வந்து சேரும்போது எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை ஒரு பிணைப் பிரிவு தீர்மானித்துவிடுகிறது.

அதற்காக நான் வாயை மூடிக்கொள்ளவில்லை. ஒரு மதத்தையோ இனத்தையோ குறிவைத்துச் சிரிப்பு வாங்குவதில் எனக்கு எப்போதும் விருப்பம் இருந்ததில்லை. அதிகாரத்தின் படிவங்களும் கையெழுத்துகளும் தவணைகளும்தான் என் குறி. அவற்றில் நான் பின்வாங்க மாட்டேன்.

நிகழ்ச்சி முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியிருந்த அதே அம்மா வந்தார். "அது உண்மையே பிள்ளை? அவர் இல்லாமல் விக்கவே ஏலாதோ?" குரலில் சிரிப்பு இல்லை. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவைச் சொன்னேன். கணவர் கைவிட்டுப் போயிருந்தால், இருக்கும் இடம் தெரியாமல் இருந்தால், நியாயமில்லாமல் சம்மதம் மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறலாம். "இதை ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே" என்றார். புதுக்கடையில் இன்னும் தொழில் செய்யும் ஒரு தோழியின் தொலைபேசி இலக்கத்தை எழுதிக் கொடுத்தேன். இருவரும் வாசலில் நின்று கனநேரம் கதைத்தோம்.

மறுநாள் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். மலையகத்திலிருந்து வந்து இரண்டு மூன்று தலைமுறையாக அங்கே வாழும் குடும்பங்கள் நிறைய. அவர்களுக்குத் தேசவழமை பொருந்தாது, பிளாட் கதையும் எடுபடாது. சாப்பாட்டுக் கடை நடத்தும் ஒரு அக்காவிடம், கோடு கச்சேரி என்று அலைந்தது எதற்காக என்று கேட்டேன். பெயருக்காக என்றார். பிறப்பு அத்தாட்சியில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி, மகனின் பாடசாலைப் பதிவில் மூன்றாவது மாதிரி. சிங்களத்தில் எழுதுகிறவர் காதில் விழுந்தபடி எழுதிவிட, மூன்றும் தான் ஒருத்திதான் என்று சத்தியக் கடதாசி முடிக்க அலைந்திருக்கிறார். "எனக்கே இப்ப சந்தேகமா இருக்குங்க, நான் அந்த மூணு பேர்ல யாருன்னு" என்றார், பரோட்டாவைப் புரட்டிக்கொண்டே.

இதை மேடையில் சொல்லலாமா என்று கேட்டேன். என் பேரைச் சொல்லாம சொல்லுங்க என்றார். கடையிலேயே உட்கார்ந்து முதல் பக்கத்தை எழுதி வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தினார், இரண்டும் சரியான திருத்தம். அடுத்த முறை வரும்போது கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபம் பார்த்துத் தருவதாக அவருடைய மகன் சொல்லியிருக்கிறான்.